தாயைச் சிறையில் அடைத்தால் பிள்ளை பிழைக்குமா?

போதையில் சிக்கிய பெற்றோரிடமிருந்து குழந்தைகளைக் காக்க அமெரிக்கா இயற்றிய சட்டங்கள்: எது காத்தது, எது கெடுத்தது?

1989ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டன் நகரத்தின் அரசு மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனை, காவல்துறையோடும் அரசு வழக்கறிஞரோடும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. கர்ப்பிணிகள் சிலரின் சிறுநீரில் கோகெய்ன் இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியாமலே சோதிப்பது. இருந்தால் காவல்துறைக்குச் சொல்லிவிடுவது. யாரைச் சோதிப்பது என்பதற்கு ஒன்பது அடையாளங்களை வகுத்திருந்தார்கள். கர்ப்ப காலத்தில் மருத்துவரையே பார்க்காதவர், தாமதமாக வந்தவர், பாதியில் வராமல் நின்றுபோனவர் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் முதலில் இருந்தன. கையில் காசில்லாத, மருத்துவக் காப்பீடு இல்லாத எந்தப் பெண்ணையும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடக்கிவிடலாம்.

குற்றச்சாட்டு வாரக்கணக்கில் மாறியது. கர்ப்பம் 27 வாரத்துக்குள் என்றால் போதைப்பொருள் வைத்திருந்த குற்றம். 28 வாரம் ஆகிவிட்டால், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவருக்குப் போதைப்பொருள் கொடுத்த குற்றமும் சேரும். அந்த ‘ஒருவர்’ அவள் வயிற்றில் இருக்கும் சிசு. பிரசவத்தின்போது கண்டுபிடித்தால் குழந்தையைக் கவனியாமல் விட்ட குற்றம். பிள்ளை பெற்ற உடம்பு தேறும் முன்பே சிலரைக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். மொத்தம் 30 பெண்கள் கைதானார்கள். அவர்களில் 29 பேர் கறுப்பினப் பெண்கள்.

அந்த மருத்துவமனையில் வேலை செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. எடை குறைந்து, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைத் தினமும் கையில் ஏந்தியவர்கள் அவர்கள். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு உண்மையானது. அன்று தொடங்கி இன்று வரை, பெற்றோரின் போதையிலிருந்து பிள்ளையைக் காப்பதற்காக அந்த நாட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் இதே தவிப்பு இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பயந்து தாய் எந்தப் பக்கம் ஓடுவாள், மருத்துவமனையை நோக்கியா, மருத்துவமனையை விட்டா என்ற கேள்வியைப் பல சட்டமன்றங்கள் கேட்கவே இல்லை. விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள்.

23 பெண்களும் ஒரு பீதியும்

1985இல் அமெரிக்காவின் முதன்மையான மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர் ஐரா சாஸ்னாஃபின் ஆய்வு வெளிவந்தது. கர்ப்பத்தில் கோகெய்ன் பயன்படுத்திய 23 பெண்களைப் பற்றியது அது. சிறிய ஆய்வு, முதற்கட்ட எச்சரிக்கை என்ற அளவில் படிக்க வேண்டியது. ஆனால் அப்போது கிராக் கோகெய்ன் மலிவு விலையில் நகரத் தெருக்களில் இறங்கியிருந்த நேரம். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் ‘கிராக் குழந்தைகள்’ என்று ஒரு தலைமுறைக்கே பெயர் சூட்டின. இவர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கமாட்டார்கள், யாரிடமும் பாசம் வைக்கமாட்டார்கள், நாட்டுக்குச் சுமையாகத்தான் வளர்வார்கள் என்று எழுதினார்கள்.

ஃபிலடெல்ஃபியாவில் குழந்தை மருத்துவர் ஹாலம் ஹர்ட் அவசரப்படவில்லை. 1989க்கும் 1992க்கும் இடையில் பிறந்த 224 குழந்தைகளைத் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்டார். பாதிப் பேரின் தாய்மார்கள் கோகெய்ன் பயன்படுத்தியவர்கள், மீதிப் பேரின் தாய்மார்கள் பயன்படுத்தாதவர்கள். எல்லோரும் ஒரே மாதிரி ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்தவர்கள். நான்கு வயதில் அறிவுத்திறனைச் சோதித்தபோது முதல் அணியின் சராசரி 79, இரண்டாவது அணியின் சராசரி 81.9. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே நாட்டின் சராசரியைவிட வெகுவாகக் குறைவு.

அந்தக் குழந்தைகள் ஏழு வயதுக்குள் எதையெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்று ஹர்ட் குழு விசாரித்தது. 81 சதவீதம் பேர் யாரோ ஒருவர் கைதாவதைப் பார்த்திருந்தார்கள். 74 சதவீதம் பேர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். 35 சதவீதம் பேர் ஒருவர் சுடப்படுவதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். 19 சதவீதம் பேர் வெளியே ஒரு பிணத்தைப் பார்த்திருந்தார்கள். கால் நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த பிறகு ஹர்ட் வந்து சேர்ந்த முடிவு: குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானித்ததில் கோகெய்னைவிட வறுமையின் கை ஓங்கியிருந்தது.

கர்ப்பத்தில் கோகெய்ன் ஆபத்தில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நஞ்சுக்கொடி முன்பே பிரிந்துபோகலாம், குறைமாதப் பிரசவம் ஆகலாம், எடை குறையலாம். மதுவும் புகையிலையும் செய்யும் கேடு அதற்குக் குறைந்ததல்ல. மது மூளையையே நிரந்தரமாகப் பாதிக்கும். ஆனால் மது குடித்த தாயைத் தேடிக் காவல்துறை பிரசவ வார்டுக்கு வரவில்லை.

முன்பு எச்சரித்த அதே சாஸ்னாஃப் 1990இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார். ஃபுளோரிடா மாநிலத்தின் பினெல்லஸ் மாவட்டத்தில் 715 கர்ப்பிணிகளின் சிறுநீரைப் பரிசோதித்ததில், வெள்ளையினப் பெண்களில் 15.4 சதவீதம் பேரிடமும் கறுப்பினப் பெண்களில் 14.1 சதவீதம் பேரிடமும் போதைப்பொருளோ மதுவோ இருந்தது தெரிந்தது. ஏறத்தாழச் சமம். ஆனால் மருத்துவர்கள் அதிகாரிகளிடம் புகார் செய்த விகிதம், வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்கள் விஷயத்தில் ஏறத்தாழப் பத்து மடங்காக இருந்தது. சார்ல்ஸ்டனின் 30க்கு 29 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இரண்டு தீர்ப்புகள்

கைதானவர்களில் பத்துப் பெண்கள் 1993இல் வழக்குத் தொடுத்தார்கள். ஃபெர்குசன் எதிர் சார்ல்ஸ்டன் நகரம் என்ற அந்த வழக்கில் 2001 மார்ச் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்: சம்மதம் இல்லாமல் ஒரு நோயாளியைச் சோதித்து, அந்த முடிவைக் காவல்துறையின் தேவைக்குக் கொடுப்பது அரசியலமைப்பு தடுத்திருக்கும் அத்துமீறிய சோதனை. மருத்துவர் மருத்துவராக இருக்க வேண்டும், காவலரின் கையாளாக ஆகக் கூடாது.

ஆனால் அதே தென் கரோலினாவின் உச்ச நீதிமன்றம் விட்னர் வழக்கில், வெளியே பிழைக்கக்கூடிய வளர்ச்சியை அடைந்த சிசுவும் சட்டத்தின் பார்வையில் குழந்தைதான் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது. கருவிலிருக்கும் குழந்தையைக் கவனியாமல் விட்டதாக எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட பெண்ணின் வழக்கு அது. அந்தத் தீர்ப்பின் வழியே, பிள்ளை இறந்து பிறந்த இன்னொரு பெண்மீது கொலைக்கு நிகரான குற்றம் சுமத்தி 12 ஆண்டு சிறைக்கு அனுப்பினார்கள். 2008இல் அந்தத் தண்டனை ரத்தானது. கோகெய்னைப் பற்றிப் பிற்காலத்தில் வந்த ஆய்வுகளை, அது புகையிலையையும் சத்துக்குறைவையும் கர்ப்பகாலக் கவனிப்பு இல்லாததையும்விட அதிகக் கேடு செய்வதில்லை என்ற முடிவுகளை, அவளுடைய வழக்கறிஞர் ஜூரிகளிடம் எடுத்துவைக்கவே இல்லை என்று நீதிமன்றம் கண்டது. அதற்குள் அவள் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டாள்.

நல்ல சட்டம் திசைமாறிய விதம்

அலபாமா மாநிலத்தின் கதையை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2006இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கிராமப்புற வீடுகளில் அடுப்படியிலேயே மெத் என்னும் மெத்தாம்ஃபெட்டமைனைக் காய்ச்சி விற்ற காலம் அது. தீப்பற்றும், வெடிக்கும், நச்சுப்புகை அறையெங்கும் பரவும். அதே அறையில் பிள்ளைகள் தூங்கும். அப்படிப்பட்ட சூழலில் குழந்தையை வைத்திருப்பது குற்றம் என்றது சட்டம். யாரும் எதிர்க்க முடியாத, வேண்டிய சட்டம்.

சில மாதங்களிலேயே அரசு வழக்கறிஞர்கள் அதைக் கர்ப்பிணிகள்மீது பிரயோகிக்கத் தொடங்கினார்கள். கர்ப்பப்பையே போதைப்பொருள் இருக்கும் ‘சூழல்’ என்பது அவர்கள் வாதம். 2013 ஜனவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. குழந்தைக்கு எந்தத் தீங்கும் நேராவிட்டாலும் ஓர் ஆண்டிலிருந்து பத்து ஆண்டு வரை சிறை. குழந்தை இறந்தால் பத்து ஆண்டிலிருந்து 99 ஆண்டு வரை.

அந்த மாநிலத்தின் எட்டோவா மாவட்டத்தில் நடந்த ஒரு சம்பவம் 2022இல் வெளியே வந்தது. கர்ப்பமானது தெரிந்த நாளிலேயே கஞ்சா புகைத்ததாக ஒத்துக்கொண்ட ஒரு பெண்ணைச் சிறையில் அடைத்தார்கள். பிணையில் வர 10,000 டாலர் ரொக்கம் கட்ட வேண்டும். போதை மறுவாழ்வு மையத்திலும் சேர வேண்டும். மையத்துக்காக அவளைப் பரிசோதித்த நிபுணர்கள், இவள் போதைக்கு அடிமையானவள் இல்லை, இவளுக்குச் சிகிச்சை தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிகிச்சை தேவையில்லை என்பதால் மையத்தில் இடமில்லை. மையத்தில் சேராததால் பிணையும் இல்லை. சிக்கலான கர்ப்பத்தோடு அவள் மாதக்கணக்கில் சிறையில் கிடந்தாள். இதில் எந்தக் குழந்தையை யார் காத்தார்கள்?

டென்னஸி மாநிலம் சுற்றிவளைக்காமல் நேராகவே சட்டம் போட்டது. அங்கே ஓபியாய்டு வலி நிவாரணி மாத்திரைகள் வெள்ளம்போல் புகுந்திருந்தன. தாய் எடுத்துக்கொண்ட மருந்துக்குக் கருவிலேயே உடம்பு பழகி, பிறந்ததும் அது கிடைக்காமல் நடுங்கி வீறிடும் குழந்தைகள் பெருகிக்கொண்டே போனார்கள். 2009இல் அமெரிக்கா முழுவதிலும் மணிக்கு ஒரு குழந்தை என்ற கணக்கில் இருந்த இந்தப் பிறப்பு, 2014இல் கால்மணி நேரத்துக்கு ஒன்று என்றானது. அந்த 2014இல், கர்ப்பத்தில் போதைப்பொருள் எடுத்துப் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் தாய்மீது தாக்குதல் வழக்குப் போடலாம் என்ற சட்டத்தில் ஆளுநர் பில் ஹாஸ்லம் கையெழுத்திட்டார். சிகிச்சையை முடித்துவிட்டால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்றும் அதில் இருந்தது. சிகிச்சைக்குத் தள்ளும் கோல் என்றுதான் அதை ஆதரித்தவர்கள் நம்பினார்கள்.

தள்ளியது, ஆனால் எதிர்ப்பக்கமாக. கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொள்ளும் சிகிச்சை மையங்களே அங்கே குறைவு. பெண்கள் மருத்துவரைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். பிரசவத்துக்குப் பக்கத்து மாநிலத்துக்குப் போனார்கள். இரண்டே ஆண்டு ஆயுளோடு இயற்றிய சட்டம் அது. 2016 ஜூலையில் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. சட்டப் பேராசிரியர்கள் மேகன் பூனும் பெஞ்சமின் மெக்மைக்கேலும் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்துப் பிற்பாடு கணக்கிட்டார்கள். அந்தச் சட்டத்தால் கருவில் இறந்தவை சுமார் 20, பிறந்தபின் இறந்த சிசுக்கள் சுமார் 60 என்பது அவர்களின் மதிப்பீடு. குழந்தைகளைக் காக்க வந்த ஒரு சட்டத்தின் பேரேட்டில் இந்த எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆபத்து உண்மையானது

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் அரசு தலையிடவே கூடாது, தாயின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு இருக்கட்டும் என்பதைப்போலக் குழந்தைகளைக் கொன்ற வாக்கியம் வேறில்லை.

2015இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் நாடெங்கும் பதிவேடுகளைத் தோண்டி எடுத்து வெளியிட்ட புலனாய்வில், 2010க்குப் பிறகு இறந்த 110 குழந்தைகள் இருந்தார்கள். எல்லோரும் கர்ப்பத்தில் ஓபியாய்டு எடுத்த தாய்மாருக்குப் பிறந்தவர்கள். மருத்துவமனையிலிருந்து பிழைத்து வீட்டுக்குப் போன பிறகு, தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் இறந்தவர்கள். மயக்கத்தில் தூங்கிய தாய் புரண்டு படுத்ததில் மூச்சுத் திணறி இறந்தவர்கள் அவர்களில் பலர். 2005லிருந்து 2018 வரை ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள 731 குழந்தைகள் நஞ்சால் இறந்ததை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதி மரணங்களுக்கு ஓபியாய்டே காரணம் என்று தெரிந்தது. இப்போது புழங்கும் ஃபெண்டனில் இன்னும் கொடியது; தரையில் சிந்திய துகள் போதும், தவழும் குழந்தையின் மூச்சை நிறுத்த.

இந்த மரணங்களைத் தடுப்பதற்கான மத்தியச் சட்டம் இல்லாமல் இல்லை. 1974இல் வந்த குழந்தை வன்கொடுமைத் தடுப்பு மற்றும் சிகிச்சைச் சட்டத்தில் 2003இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். போதைப்பொருள் பாதிப்போடு குழந்தை பிறந்தால் மருத்துவமனை குழந்தைகள் நலத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பான பராமரிப்புத் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டும். தாய்மீது வழக்குப் போடச் சொல்லவில்லை, இதைக் குழந்தை வன்கொடுமை என்று வரையறுக்கவும் இல்லை என்று அந்தச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. பல மாநிலங்கள் இதை ஏட்டோடு விட்டுவிட்டன. ராய்ட்டர்ஸ் கட்டுரைகள் கிளப்பிய அதிர்ச்சியில் 2016இல் நாடாளுமன்றம் சட்டத்தை இறுக்கியது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தால் பாதிப்பு வந்தாலும் திட்டம் வேண்டும், தாய்க்கான சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும் என்றது.

காகிதத்தில் இது மிக நல்ல சட்டம். யார் வீட்டுக்கு வந்து பார்ப்பது, குழந்தை எங்கே படுக்கும், தாய் தடுமாறினால் யாரைக் கூப்பிடுவது, பாட்டி பக்கத்தில் இருக்கிறாரா என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் திட்டம். ஆனால் திட்டம் வகுக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். புகார் கொடுக்க ஒரு தொலைபேசி போதும். பல இடங்களில் புகார் மட்டுமே நடந்தது.

புகாருக்குப் பிறகு என்ன? பிள்ளையைப் பிரித்து வளர்ப்புக் குடும்பத்தில் விடுவது. 2000ஆம் ஆண்டில் அப்படிப் பிரிக்கப்பட்ட குழந்தைகளில் 14.5 சதவீதம் பேருக்குப் பெற்றோரின் போதைப் பழக்கம் காரணமாக இருந்தது. 2017இல் அது 36.3 சதவீதம், தலைக்கணக்கில் ஓராண்டில் 96,672. பிரித்த பிறகு ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை வெளியே இருந்தால், சில விலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையையே நிரந்தரமாக ரத்துசெய்ய அரசு மனுப்போட வேண்டும். குழந்தை வீடு மாறி வீடு மாறி ஆண்டுக்கணக்கில் அலையக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் உண்டு. ஆனால் போதையிலிருந்து மீள்வது ஒருமுறை விழுந்து ஒருமுறை எழும் காரியமில்லை. சிகிச்சைக்கு இடம் கிடைக்கவே மாதங்கள் ஆகும் ஊரில், 15 மாதம் என்பது பலருக்குத் தொடங்கும் முன்பே முடிந்துவிடும் கெடு.

இதில் என்னை மிகவும் வருத்தியது பணத்தின் போக்கு. பல பத்தாண்டுகளாக, குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்தால்தான் அந்தக் குழந்தைக்கான மத்திய அரசு நிதியின் பெரும்பகுதி மாநிலத்துக்கு வந்தது. பிரிக்காமல் வீட்டிலேயே வைத்துக் காக்க அந்த நிதியைத் தொட முடியவில்லை. குடும்பம் உடைந்தபிறகு செலவழிக்கத் தயாராக இருந்த அரசு, உடையாமலிருக்கச் செலவழிக்கச் சட்டத்தில் வழிவைக்கவில்லை.

மருந்தே தாய்தான்

வழி வேறு பக்கத்திலிருந்து, பிரசவ வார்டிலிருந்தே வந்தது. நடுங்கும் பச்சிளம் குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாயிடமிருந்து பிரித்து வைத்து, தும்மல், நடுக்கம், அழுகை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, மார்ஃபின் சொட்டு கொடுப்பதுதான் நீண்டகால வழக்கம். யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர் மேத்யூ கிராஸ்மனும் உடனிருந்தவர்களும் இதை மாற்றினார்கள். மூன்றே கேள்விகள்: குழந்தை பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, அழுதால் சமாதானமாகிறதா? அமைதியான, வெளிச்சம் குறைந்த அறை. தாய் கூடவே இருக்க வேண்டும், மடியில் வைத்திருக்க வேண்டும், பால் கொடுக்க வேண்டும். குழந்தைகள் மருத்துவமனையில் தங்கும் காலம் சராசரி 22.4 நாளிலிருந்து 5.9 நாளாகக் குறைந்தது. மார்ஃபின் தேவைப்பட்டவர்கள் 98 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தார்கள். எந்தத் தாயைக் குற்றவாளி என்று ஒரு மாநிலம் வெளியே தள்ளியதோ, அதே தாய்தான் இன்னொரு மாநிலத்தில் மருந்தாக இருந்தாள்.

சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. 2018 பிப்ரவரியில் வந்த குடும்பமே முதலில் என்னும் தடுப்புச் சேவைகள் சட்டம், அந்த நிதிப் பூட்டை உடைத்தது. பிள்ளை பிரிக்கப்படும் நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு, பிரிக்கும் முன்பே போதைச் சிகிச்சைக்கும் மனநல உதவிக்கும் ஓராண்டு வரை மத்திய நிதியைப் பயன்படுத்தலாம். தாய் தங்கிச் சிகிச்சை பெறும் மையத்தில் பிள்ளையும் கூடவே தங்கலாம், அதற்கும் ஓராண்டு நிதி உண்டு. தாயும் பிள்ளையும் ஒரே அறையில், இரவும் பகலும் கண்காணிப்போடு இருக்கும்போது, குழந்தைக்கும் ஆபத்தில்லை, தாய்க்கும் மீள ஒரு காரணம் கண்முன்னே இருக்கிறது.

1990களில் நெவாடாவின் ரீனோ நகரில் தொடங்கிய குடும்பப் போதை நீதிமன்றங்களும் இதே திசையில் போனவை. தண்டிக்க அல்ல, ஒரே நீதிபதி அடிக்கடி கூப்பிட்டு முகம் பார்த்துப் பேச, தடுமாறினால் உடனே பிடித்து நிறுத்த, பிள்ளையை எப்போது திருப்பித் தரலாம் என்று முடிவுசெய்ய. இந்த மாதிரியை நீதிபதி நிக்கலஸ் கிரைட்டன் லண்டனுக்குக் கொண்டுபோய் 2008இல் தொடங்கினார். புருனெல் பல்கலைக்கழகம் அதன் முடிவுகளை வழக்கமான நீதிமன்றத்தோடு ஒப்பிட்டது. போதையை விட்ட தாய்மார் இங்கே 40 சதவீதம், அங்கே 25. பிள்ளையோடு மீண்டும் சேர்ந்த குடும்பங்கள் இங்கே 35 சதவீதம், அங்கே 19. அதாவது இந்த நீதிமன்றத்திலும் மூன்றில் இரண்டு பங்கு வழக்குகளில் பிள்ளை திரும்பவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாத் தாயும் மீள்வதில்லை; மீளாத இடத்தில் குழந்தைக்கு வேறு நல்ல வீடு வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். தாய்க்கு உண்மையான வாய்ப்பைக் கொடுத்துப் பார்த்த நீதிமன்றத்தால் அந்த முடிவைத் தயக்கமில்லாமல் எடுக்க முடியும்.

இன்னும் ஒரு முடிச்சு மிச்சமிருக்கிறது. ஓபியாய்டுக்கு அடிமையான கர்ப்பிணிக்கு மெத்தடோன் அல்லது ப்யூப்ரநார்ஃபின் கொடுப்பதே சரியான சிகிச்சை. திடீரென்று நிறுத்தினால் பழைய போதைக்கே திரும்பும் ஆபத்து அதிகம் என்பதில் மருத்துவ உலகம் ஒருமித்து நிற்கிறது. ஆனால் மருத்துவர் சொன்னபடி அந்த மருந்தைத் தவறாமல் எடுத்த பெண்ணின் குழந்தை பிறந்ததும், ‘பாதிப்போடு பிறந்த குழந்தை’ என்று நலத்துறைக்குப் புகார் போனது. எல்லாம் சரியாகச் செய்ததற்கு அவளுக்குக் கிடைத்த பதில் அது. இதைக் கேள்விப்பட்ட அடுத்த பெண் மருந்தையே தொடப் பயப்படுவாள். மாசசூசெட்ஸ் மாநிலம் 2024 டிசம்பரில் இந்தக் கட்டாயப் புகாரைச் சட்டத்திலிருந்து நீக்கியது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் உண்மையாகவே கருதினால் மட்டும் புகார்.

அலபாமாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2016இல் ஒரு திருத்தம் வந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை முறையாக எடுத்த தாய்மீது வழக்கில்லை என்று மட்டும் சொன்ன திருத்தம். மற்றபடி அந்தச் சட்டம் அப்படியே நிற்கிறது. அதைக் கர்ப்பப்பையிலிருந்து வெளியே எடுத்து, மெத் காய்ச்சும் வீட்டில் தூங்கும் பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுப்பதற்கு அந்த மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேவை ஒற்றை வரித் திருத்தம்தான்.